காணாமற்போன குரல்கள்

மனிதன் இவ்வுலகில் விட்டுச்செல்பவற்றுள் மிக விரைவில் மறைவது அவனது குரல். எழுத்து ஓலையில் நிற்கிறது. உருவம் கல்லிலும் வண்ணத்திலும் நிற்கிறது. ஆனால் மாலை வேளையில் குடும்பத்தாரைக் கூட்டி செபமாலை சொன்ன ஒரு பாட்டியின் குரல், அவர் உடலோடு மண்ணுக்குள் சென்றுவிடுகிறது. ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த நியதிக்கு விலக்கே இருந்ததில்லை. நம்பிக்கை கேட்பதால் உண்டாகிறது என உரோமையருக்கு எழுதிய பவுலடியாரின் குரல் எத்தகையது என்பது நமக்குத் தெரியாது. புனித அகுஸ்தினார் ஹிப்போ நகர ஆலயத்தில் மறையுரையாற்றியபோது எங்கே குரலை உயர்த்தினார், எங்கே தாழ்த்தினார் என்பதையும் நாம் அறியோம். நூல்கள் எஞ்சின, குரல்கள் போயின.

இன்று பழைய இசைத்தட்டுகளின் ஒலியைக் கணினிக் கோப்புகளாக மாற்றிச் சேமிக்கும் பணி உலகின் பல நூலகங்களிலும் காப்பகங்களிலும் நடைபெறுகிறது. ஆர்வம் உள்ளோர் பலர் தம் இல்லங்களிலேயே இதைச் செய்கின்றனர். இது வெறும் இயந்திரப் பணி என்று தோன்றலாம். ஆனால் இதன் வரலாற்றைச் சற்று ஆழ்ந்து நோக்கினால், நம் முன்னோரிடமிருந்து பெற்ற ஒன்றைக் கெடாமல் அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பது என்றால் என்ன என்ற பழைய வினாவே இங்கும் எழுந்து நிற்பதைக் காண்போம்.

அரக்கில் எழுதிய ஒலி

1877-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் தாமஸ் ஆல்வா எடிசன், உருளையொன்றில் சுற்றிய மெல்லிய வெள்ளீயத் தகட்டின்மீது தம் குரலைப் பதித்து, அதை மீண்டும் ஒலிக்கச் செய்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1887-இல், எமில் பெர்லினர் உருளைக்குப் பதிலாகத் தட்டையான வட்டைப் பயன்படுத்தும் முறைக்கு உரிமம் கோரினார். அதற்கு அவர் இட்ட பெயரே கிராமபோன். உருளையைவிடத் தட்டுக்கு ஒரு பெரும் நன்மை இருந்தது. ஓர் அச்சைக் கொண்டு ஆயிரக்கணக்கான தட்டுகளை அழுத்தி எடுத்துவிடலாம்.

இத்தட்டுகளின் உயிர்ப்பொருள் நம் நாட்டிலிருந்து சென்றது என்பதைப் பலரும் அறிவதில்லை. பழைய தட்டுகள் அரக்கினால் ஆனவை. சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாசு போன்ற மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைப் பழங்குடி மக்கள் சேகரித்து விற்றனர். அந்த அரக்கோடு கற்பொடியும் கரியும் கலந்து அழுத்தியே கிராமபோன் தட்டுகள் செய்யப்பட்டன. பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் பழங்குடி மக்களின் நில உரிமைக்காக வாதாடிய அதே மண்ணின் பிசின், ஐரோப்பாவின் மாளிகைகளில் பாடலாக ஒலித்தது.

10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். கனத்த எஃகு ஊசி தட்டின் வரித்தடத்தை அழுத்திச் செல்லும்போது, ஒவ்வொரு முறையும் தடம் சிறிது தேயும். ஆகவே நாம் மிகவும் நேசித்துக் கேட்ட தட்டே முதலில் அழிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அரக்குக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. போருக்குப் பின், 1948-இல், கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் நெகிழிப்பொருளால் ஆன நெடுந்தட்டை வெளியிட்டது. அது நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றைச் சற்றே விஞ்சிய வேகத்தில் சுழன்று, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் ஒலித்தது. இரைச்சல் குறைந்தது, தட்டு எளிதில் உடையவும் இல்லை.

உரோமையில் ஒரு சான்று

திருச்சபை இக்கருவியை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நம் முன்னோர் 13-ஆம் சிங்கராயர் என்று அழைத்த திருத்தந்தை 13-ஆம் லியோவின் குரல், 1903-இல், அவர் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, ஜான்னி பெத்தினி என்பவரால் பதிவுசெய்யப்பட்டது. 1810-இல் பிறந்து தொண்ணூறு வயதைக் கடந்திருந்த அந்த முதியவரின் தளர்ந்த குரல் இலத்தீன் மொழியில் மரியன்னை மன்றாட்டைச் சொல்வதை இன்றும் கேட்கலாம். 2025 மே மாதம் புதிய திருத்தந்தை 14-ஆம் லியோ என்னும் பெயரை ஏற்றார். அவர் எந்தத் திருத்தந்தையை நினைவுகூர்ந்து அப்பெயரை ஏற்றாரோ, அவருடைய குரல் நம்மிடம் இருக்கிறது.

இதைவிடப் பயன்மிக்க சான்று அடுத்த ஆண்டில் கிடைத்தது. 1903 நவம்பர் 22 அன்று திருத்தந்தை 10-ஆம் பத்திநாதர் திருவழிபாட்டு இசையைச் சீர்திருத்தும் ஆணையை வெளியிட்டு, கிரகோரியன் பாடலுக்கு முதலிடம் அளித்தார். 604-இல் இறந்த பெரிய கிரகோரியாரின் 13-ஆம் நூற்றாண்டு நிறைவை ஒட்டி 1904 ஏப்ரலில் உரோமை நகரில் ஒரு மாநாடு கூடியது. அங்கு பாடப்பட்ட பாடல்கள் சிலவற்றைக் கிராமபோன் நிறுவனம் தட்டுகளில் பதித்தது. புனித ஆசீர்வாதப்பர் சபையின் பேரறிஞர்களான யோசேப் பொத்தியேர், ஆந்திரே மொக்கெரோ ஆகிய இருவரும் பாடலை வழிநடத்தினர்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இவ்விரு அறிஞர்களும் பழைய கையெழுத்துச் சுவடிகளையே ஆதாரமாகக் கொண்டவர்கள். ஆயினும் பாடலின் நடை எவ்வாறு அமைய வேண்டும் என்பதில் அவர்கள் கருத்து வேறுபட்டனர். ஒருவர் பேச்சின் இயல்பான ஏற்ற இறக்கத்தைப் பின்பற்ற வேண்டும் என்றார். மற்றவர் இரண்டும் மூன்றுமான சிறு அளவுகளாகப் பகுத்து நுட்பமாக நடத்த வேண்டும் என்றார். சுரக்குறிப்பு ஒன்றே, பாடல் இரண்டு. ஏட்டில் எழுதியதால் மட்டும் பாடல் முழுமையாகக் காக்கப்படுவதில்லை என்பதை அத்தட்டுகளே மெய்ப்பிக்கின்றன. மொக்கெரோ 1930-இல் இறந்தார். அதே ஆண்டில் பிரான்சு நாட்டின் சொலேம் மடத்துத் துறவியர், யோசேப் கஜார் அடிகளின் தலைமையில் தம் பாடல்களை இசைத்தட்டுகளில் பதிவுசெய்தனர். இன்று அம்மரபை ஆராய்வோர்க்கு நூல்களோடு அத்தட்டுகளும் ஆதாரங்கள்.

ஊதாரி மைந்தன் பேசிய மொழிகள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சன் என்னும் அயர்லாந்து நாட்டவர், பிரிட்டிஷ் இந்திய அரசின் சார்பில் இந்திய மொழிகளின் அளவாய்வை நடத்தினார். 11 தொகுதிகளாக வெளிவந்த அந்தப் பெரும்பணி 1928-இல் நிறைவுற்றது. ஒரு மொழியை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டுமானால், எல்லா மொழிகளிலும் ஒரே பகுதியைச் சொல்லச் செய்ய வேண்டும். அதற்கு அவர் தேர்ந்துகொண்டது எது? லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறிய ஊதாரி மைந்தன் உவமை.

அவர் காட்டிய காரணம் இலக்கணம் சார்ந்தது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடப் பெயர்களும், பெரும்பாலான வேற்றுமைகளும், முக்காலமும் அக்கதையில் வருகின்றன. இந்நாட்டு மக்களின் மனம் புண்படாதவாறு சில சொற்களை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். முன்னர் ஐரோப்பிய மொழியறிஞர் மொழிகளை ஒப்பிட ஆண்டவர் கற்பித்த செபத்தையே பெரிதும் கையாண்டனர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த ஆடெலுங்கின் ஒப்பீட்டு நூல் அதற்குச் சான்று. செபத்தின் இடத்தில் கதை வந்தது.

அச்சில் வந்த மாதிரிகள் ஒலிப்பைக் காட்டப் போதவில்லை. எனவே 1913 முதல் 1929 வரையிலான ஆண்டுகளில் பல மொழி பேசுவோரைக் கொண்டு அவ்வுவமையைக் கிராமபோன் தட்டுகளில் பேசவைத்தனர். உவமையோடு நாட்டார் கதைகளும் பாடல்களும் பதிவாயின. கிரியர்சனின் அச்சிட்ட அளவாய்வில் சென்னை மாகாணம் சேர்க்கப்படவில்லை. ஆயினும் பின்னர் இம்மாகாணத்து மொழிகளுக்கும் தட்டுகள் எடுக்கப்பட்டன. தமிழும் அவற்றுள் ஒன்று. இத்தட்டுகளில் எஞ்சியவை இன்று கணினிக் கோப்புகளாக மாற்றப்பட்டுவிட்டன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்முறை நூலகத்தில் எவரும் இவற்றைக் கட்டணமின்றிக் கேட்கலாம்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த மனிதர்கள், தத்தம் தாய்மொழியில், ஒரு தகப்பனுக்கு இரண்டு மைந்தர் இருந்த கதையைத் தொடங்குகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர். வேற்றுமை உருபுகளுக்காகவும் காலங்களுக்காகவும் தேர்ந்துகொள்ளப்பட்ட கதை அது. ஆனால் கேட்பவர் செவியில் விழுவது இலக்கணம் அன்று. தொலைவிலிருந்து வரும் மகனைக் கண்டு ஓடும் ஒரு தகப்பனின் நெஞ்சம். காணாமற்போனவன் கிடைத்த கதையைச் சொன்ன குரல்களே காணாமற்போகும் நிலையில் இருந்தன. அவற்றைத் தேடி எடுத்தவர்கள் நம் நன்றிக்கு உரியவர்கள்.

தட்டிலிருந்து கோப்புக்கு

இவ்வாறு தேடி எடுத்த ஒலியைக் கோப்பாக மாற்றுவது எங்ஙனம்? முதலில் தட்டைத் தூய்மைசெய்ய வேண்டும். வினைல் தட்டுக்கும் அரக்குத் தட்டுக்கும் ஒரே முறை ஆகாது. தச்சர்கள் மரச்சாமான்களுக்கு மெருகேற்ற அரக்கைச் சாராயத்தில் கரைப்பதை நாம் அறிவோம். சாராயம் கலந்த திரவத்தால் அரக்குத் தட்டைத் துடைத்தால் குரலே கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் மென்மையான தூரிகையுமே பாதுகாப்பானவை.

அடுத்தது ஊசி. 78 சுற்றுத் தட்டின் தடம் அகலமானது. அதற்கு முனை ஏறத்தாழ 75 மைக்ரான் பருமன் உள்ள ஊசி வேண்டும். நெடுந்தட்டுக்கு 25 மைக்ரான் போதும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பொருந்தாத ஊசி தடத்தின் அடியில் உருண்டு அழுக்கின் ஒலியையே எடுத்துத் தரும்.

மூன்றாவது, ஒலிச்சமன். தடம் மிக அகன்றுவிடாமலிருக்கத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும், இரைச்சலை வெல்ல உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் தட்டில் பதிப்பது வழக்கம். கேட்கும்போது ஒலிபெருக்கிக் கருவி இதைத் தலைகீழாகச் செய்து சமன்படுத்த வேண்டும். 1954-இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலார் இதற்குப் பொது அளவொன்றை வகுத்தனர். அதற்கு முன்பு நிறுவனத்துக்கு ஓர் அளவு இருந்தது. அந்நாளைய தட்டைக் கோப்பாக்குபவர் அதை வெளியிட்ட நிறுவனத்தின் வழக்கத்தையும் அறிந்திருத்தல் நன்று.

இவற்றின் பின்னரே கணினியின் பணி தொடங்குகிறது. அலையாக வரும் மின்னோட்டத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து எண்களாக எழுதிவைப்பதே எண்முறைப் பதிவு. குறுந்தட்டில் நொடிக்கு 44,100 முறை அளப்பார்கள். காப்பகங்கள் பொதுவாக 96,000 முறை, 24 பிட் நுண்மையோடு அளக்கின்றன. இம்முறையில் இருவழி ஒலி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிகாபைட் இடம் பிடிக்கும். எம்.பி.3 கோப்பு மிகச் சிறியதாக இருப்பது, செவிக்கு எட்டாதவை எனக் கருதும் விவரங்களை அது நீக்கிவிடுவதால்தான். கேட்பதற்கு அது போதும், காப்பதற்குப் போதாது.

இன்னொன்றும் உண்டு. ஒரு மணி நேரத் தட்டைக் கோப்பாக்க ஒரு மணி நேரம் ஆகும். தட்டு தன் வேகத்தில்தான் பேசும். அவசரப்படுபவனுக்கு அது தன்னைத் தருவதில்லை.

களையும் கோதுமையும்

இங்கேதான் இப்பணியின் உண்மையான சோதனை வருகிறது. பழைய தட்டுகளை ‘78 சுற்று’ என்று பொதுவாகச் சொன்னாலும், தொடக்க காலத்தில் வேகம் ஒரு சீராக இருந்ததில்லை. 74 சுற்றில் பதித்த தட்டை 78 சுற்றில் ஓடவிட்டால், பாடல் ஏறத்தாழ அரைச்சுரம் உயர்ந்துவிடும். பாடியவர் வேறொருவராகிவிடுவார்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எடிசனுக்கும் முன்னரே, பிரான்சு நாட்டின் எதுவார்-லெயோன் ஸ்கொத் தெ மார்த்தேன்வில் என்பவர், புகைக்கரி படிந்த தாளில் ஒலியலையைக் கோடாக வரையும் கருவியை அமைத்தார். அக்கோட்டை மீண்டும் ஒலியாக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. 1860-இல் அவர் வரைந்த ஒரு தாளை 2008-இல் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் உதவியுடன் ஒளியால் படித்து ஒலியாக்கினார்கள். பிரெஞ்சு நாட்டுப்புறப் பாடலொன்றின் சில நொடிகள் கேட்டன. பாடியவர் ஒரு பெண்ணோ சிறுமியோ என உலகம் எண்ணியது. அடுத்த ஆண்டே, வேகம் இரு மடங்காகக் கணிக்கப்பட்டுவிட்டது தெரியவந்தது. சரியான வேகத்தில் ஓடவிட்டபோது ஓர் ஆணின் குரல் மெல்ல எழுந்தது. பாடியவர் பெரும்பாலும் ஸ்கொத்தே என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அந்த ஆய்வகத்தில் இயற்பியலார் கார்ல் ஹேபரும் அவருடன் உழைத்தோரும் உருவாக்கிய ஒளிமுறையால், ஊசி தொட இயலாத நொறுங்கிய தட்டுகளும் இன்று படிக்கப்படுகின்றன.

வேகத்தைவிடக் கடினமானது இரைச்சலை நீக்குதல். கணினி நிரல்கள் ‘சடசட’ ஒலியையும் ‘உஸ்’ என்னும் இரைச்சலையும் அகற்ற வல்லவை. ஆனால் பாடகர் மூச்சு வாங்கும் ஒலியும் ஏறத்தாழ இரைச்சலைப் போன்றதே. பாடல் முடிந்தபின் ஆலயத்தின் கல் வளைவுகளில் தங்கித் தேயும் எதிரொலியும் அப்படியே. இரைச்சலைப் பேராசையோடு களைந்தால் மூச்சும் போகும், ஆலயமும் போகும். எஞ்சுவது உயிரற்ற ஒரு தெளிவு.

நிலத்தில் கோதுமையோடு களைகளும் முளைத்தபோது, பறித்தெறிய விரைந்த பணியாளரை வீட்டுத் தலைவர் தடுத்தார். களையோடு கோதுமையும் பிடுங்கப்படலாம் என்பதே அவர் அச்சம். ஒலிக்காப்பகங்கள் பின்பற்றும் விதியும் இத்தகையதே. தட்டிலிருந்து வந்த ஒலியை, அதன் எல்லாக் கீறல்களோடும், முதலில் அப்படியே சேமிக்க வேண்டும். தூய்மைசெய்வது அதன் படி ஒன்றில் மட்டுமே. நாளை நம்மினும் நுண்ணிய செவியும் கருவியும் உடையோர் வரக்கூடும். அவர்களுக்கு உரியதை நாம் முன்கூட்டியே தீர்ப்பிட்டு அழித்துவிடலாகாது. இது தொழில்நுட்ப விதி மட்டுமன்று, பணிவும்கூட.

நம்மிடம் உள்ளவை

பழைய பதிவு மறுபிறப்பு எடுத்தால் அது எத்தனை நெஞ்சங்களைத் தொடும் என்பதற்கு ஸ்பெயின் நாட்டின் சாந்தோ தொமிங்கோ தெ சிலோஸ் மடத்துத் துறவியர் சான்று. 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் அவர்கள் நெடுந்தட்டுகளுக்காகப் பாடிய கிரகோரியன் பாடல்கள் 1994-இல் குறுந்தட்டாக உலகெங்கும் வெளிவந்தன. அமெரிக்காவின் பில்போர்டு இசைப் பட்டியலில் அத்தொகுப்பு மூன்றாம் இடம்வரை ஏறியது. துறவியர் புதிதாக எதையும் செய்யவில்லை. இருந்த ஒன்று மீண்டும் கேட்கும்படி ஆனது, அவ்வளவே.

நம்மிடமும் இருந்தவை உண்டு. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டை வெளியிட்டுத் தாய்மொழிக்கு வாயிலைத் திறந்தபின், தமிழில் வழிபாட்டுப் பாடல்கள் பெருகின. அவை தட்டுகளிலும் நாடாக்களிலும் ஒலித்தன. திருவிழாக் கொடியேற்றத்தன்று கோபுரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி ஊரை எழுப்பியதும், தேர்ப்பவனிக்கு முன்னே மைக் செட்காரரின் பெட்டியிலிருந்து தட்டுகள் ஒவ்வொன்றாக வெளிவந்ததும் பலர் நினைவில் இருக்கும். அப்பெட்டிகள் எங்கே? சில பழைய இரும்புக் கடைக்குப் போயின. சில வெயிலில் வளைந்தன. நாடாக்களில் பூஞ்சை படர்ந்தது.

பங்கு இல்லத்தின் பழைய அலமாரியையும் நம் வீட்டுப் பரண்களையும் ஒருமுறை திறந்துபார்ப்பது இன்று செய்யத்தக்க பணி. தட்டு கிடைத்தால் அதைப் படுக்கவைத்து அடுக்காமல், புத்தகம்போல் நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அதன் நடுவில் ஒட்டிய தாளையும், தடம் முடியும் இடத்தில் பொறித்த எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர், பதிவான இடம் ஆகியவற்றைத் தெரிந்த முதியோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். பெயரில்லாத கோப்பு, கிடைத்தும் காணாமற்போனதே. ஒலிப்பதிவுக்கு நம் நாட்டுச் சட்டப்படி, வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. ஆகவே பொதுவில் வெளியிடுமுன் உரியவரின் இசைவைப் பெறுதல் நேர்மை.

கோப்பாக்கியபின் தட்டை எறிந்துவிடக் கூடாது. கணினியின் வட்டு எந்நாளும் முன்னறிவிப்பின்றிச் செயலற்றுப் போகலாம். கீறல் விழுந்த தட்டு கீறலோடாவது பேசும். பழுதுற்ற கோப்பு பல வேளைகளில் வாய் திறப்பதே இல்லை. எனவே படிகள் மூன்றேனும் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் இருப்பது நலம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைத் திறந்து கேட்டு, புதிய வட்டுகளுக்கு மாற்ற வேண்டும். ஓலைச்சுவடியை நம் முன்னோர் தலைமுறைதோறும் படியெடுத்துக் காத்ததும் இவ்வாறே. படியெடுப்பவர் ஒரு தலைமுறை உறங்கினாலும் நூல் இறந்தது.

நம் அன்னையரும் உபதேசியார்களும் கோவில்பிள்ளைகளும் பாடகர் குழுவினரும் செபித்த குரல்களை இறைவன் ஒருபோதும் மறப்பதில்லை. அவருக்குத் தட்டும் வேண்டாம், கோப்பும் வேண்டாம். மறப்பவர்கள் நாமே. ஆகவே காக்கும் கடனும் நமதே. அக்குரல்களுள் ஒன்றேனும் நம் பிள்ளைகளின் செவியை எட்டுமானால், எந்த மரபில் தாங்கள் நிற்கிறார்கள் என்பதை அவர்கள் ஏட்டில் படித்து மட்டுமின்றி, காதாலும் கேட்டு அறிவார்கள்.